ஜப்பானியரின் தேநீர் நெறி



ஒரு கிண்ணம் தேநீரை அருந்தி முடிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? அவசரமாக இருப்பவனுக்கு இரண்டு நிமிடம் போதும். ஓய்வாக இருப்பவன் கால்மணி நேரம் எடுத்துக்கொள்வான். ஆனால் ஜப்பானில் முறைப்படி அழைக்கப்பெற்ற விருந்தினர் நால்வரோ ஐவரோ ஓர் இல்லத்திற்குச் சென்று தேநீர் அருந்தித் திரும்புவதற்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரத்திலும் அவர்கள் அருந்தும் தேநீர் மிகச் சிறிதே. அவ்வாறாயின் எஞ்சிய நேரமெல்லாம் அவர்கள் செய்வது என்ன?

இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம். விருந்து படைப்பது எப்படி என்பதை எல்லா நாட்டாரும் தம் மக்களுக்குக் கற்பிக்கின்றனர். விருந்தினராக இருப்பது எப்படி என்பதையும் ஒரு பாடமாகக் கொண்டு, ஆசிரியரை அடுத்து ஆண்டுக்கணக்கில் பயிலும் வழக்கம் ஜப்பானியரிடம் உண்டு. அந்நாட்டுக்குச் செல்லும் பயணி ஒருவர் தேநீர் அறைக்குள் நுழையும்போது இதனையே முதலில் உணர்கிறார். தாம் ஒரு காட்சியைக் காண வந்தவர் அல்லர், ஒரு செயலில் பாதியைச் செய்ய வந்தவர் என்பது அவருக்கு விளங்குகிறது.

நாம் தேநீர்ச் சடங்கு என்று கூறுவதை ஜப்பானியர் ‘சானோயு’ என்பர். தேநீருக்குரிய வெந்நீர் என்பதே அதன் பொருள். இதனினும் எளிய பெயரை எண்ணிப் பார்ப்பது அரிது. ‘சாதோ’ என்பது மற்றொரு பெயர். அதனைத் தமிழில் தேநீர் நெறி என்று சொல்லலாம். நடந்து பழக வேண்டிய ஒரு வழி என்னும் கருத்து அப்பெயரிலேயே அமைந்துள்ளது.

தேயிலை ஜப்பானுக்குச் சீனத்திலிருந்து வந்தது. முன்பே அது அங்கு அறியப்பட்டிருந்ததாயினும், 1191ஆம் ஆண்டில் சீனத்திலிருந்து திரும்பிய எய்சாய் என்னும் பௌத்தத் துறவியே அதனைப் பரவச் செய்தவர் எனப் போற்றப்படுகிறார். தேநீரின் நலன்களைப் பற்றி 1211இல் அவர் ஒரு நூலும் எழுதினார். நெடுநேரம் தியானத்தில் அமரும் ஸென் மடத்துத் துறவியர்க்கு உறக்கம் வாராமல் காக்கும் மருந்தாகத் தேநீர் பயன்பட்டது. பின்னர்ப் படைத்தலைவர்களும் செல்வர்களும் அதனை மேற்கொண்டனர். சீனத்து அரிய கலங்களைக் காட்டிப் பெருமை கொள்ளும் ஆடம்பரமும் உடன் வந்து சேர்ந்தது.

அவ்வாடம்பரத்தை விலக்கி எளிமையை நாடியவர்களுள் மூவர் சிறந்தவர். 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த முராதா ஜூகோ முதலாமவர். தகேனோ ஜோஓ அடுத்தவர். மூன்றாமவர் சாகாய் என்னும் துறைமுக நகரத்து வணிகக் குடும்பத்தில் 1522இல் பிறந்த சென் நோ ரிக்யூ. பெரிய கூடத்திற்கு மாற்றாகச் சிறு குடிலையும், அயல்நாட்டு விலையுயர்ந்த கலத்திற்கு மாற்றாக உள்நாட்டு மண்கிண்ணத்தையும் ரிக்யூ விரும்பினார். இன்று வழங்கும் முறைகள் பெரும்பாலும் அவர் வகுத்த நெறியைத் தழுவியவை.

இனி, இக்காலத்துப் பயணி ஒருவரைப் பின்தொடர்ந்து செல்வோம். நான் முன்னர்க் கூறிய நான்கு மணி நேர விருந்து முழுமையானது. அதில் கரியிட்டு நெருப்பை அமைத்தல், சிற்றுணவு, இனிப்பு, இடையே சிறிது ஓய்வு, பின்னர்க் குழம்பு போன்ற கெட்டித் தேநீர், இறுதியில் நுரை பொங்கும் இளந்தேநீர் என்று பல கட்டங்கள் உண்டு. பயணிகளுக்குப் பெரும்பாலும் கிட்டுவது இனிப்பும் இளந்தேநீரும் மட்டுமே கொண்ட சுருங்கிய வடிவம். கியோட்டோ நகரில் இதற்கென இல்லங்கள் பல உள்ளன. அதன் தெற்கே, தேயிலைக்குப் பெயர்பெற்ற ஊஜியில், ஆற்றங்கரையில் நகராட்சியே தைஹோஆன் என்னும் தேநீர் இல்லத்தை நடத்துகிறது.

செல்லுமுன் சில ஆயத்தங்கள் வேண்டும். தூய காலுறை அணிதல் வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுதல் நன்று. மணம் மிகுந்த தைலங்களைப் பூசிச் செல்லலாகாது. அறையில் கமழும் மெல்லிய நறும்புகையையும் தேநீரின் மணத்தையும் அவை மறைத்துவிடும். புகைப்படம் எடுக்க விரும்புவோர் முன்னரே இசைவு பெறுதல் வேண்டும். கைப்பேசியின் ஒலியை அடக்கிவிடுதல் வேண்டும் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

தேநீர்க் குடிலுக்குச் செல்லும் வழியில் ஒரு சிறு தோட்டம் இருக்கும். விருந்தினர் வருமுன்னரே அங்கு நீர் தெளித்து வைத்திருப்பார்கள். நடைகற்கள் ஒன்றுக்கொன்று சற்று இடைவிட்டுப் பதிக்கப்பட்டிருப்பதால், காலடியைப் பார்த்து மெல்லவே நடக்க முடியும். வழியில் ஒரு கல்தொட்டி உண்டு. அது தாழ்வாக அமைந்திருக்கும். குனியாமல் அதிலிருந்து நீர் எடுக்க இயலாது. அகப்பையால் நீரை முகந்து கைகளையும் வாயையும் தூய்மை செய்துகொண்ட பின்னரே குடிலை அணுக வேண்டும்.

குடிலின் நுழைவாயிலைக் கண்டதும் பயணி வியப்படைவார். இரண்டடிக்குச் சற்று மிகையான உயரமும் ஏறத்தாழ அதே அளவு அகலமும் உடைய ஒரு சதுரத் திறப்பு அது. தலையைத் தாழ்த்தி, முழந்தாளிட்டு நகர்ந்தே உள்ளே செல்ல வேண்டும். போர்வீரர் ஆட்சி நடந்த அக்காலத்தில், இடையில் வாளுடன் எவரும் அதன்வழி எளிதில் நுழைய முடியாது. ஆதலின் வாளை வெளியே அதற்கென அமைந்த தாங்கியில் வைத்துவிட்டுச் செல்வர். பெரும்படைக்குத் தலைவனாயினும் வணிகனாயினும் நுழையும் வழி ஒன்றே. பயணிகளுக்கென இன்று அமைந்த இல்லங்கள் எல்லாவற்றிலும் இவ்வாயில் இருப்பதில்லை. உள்ள இடத்தில் அதன்வழிச் செல்லும் வாய்ப்பைத் தவறவிடலாகாது.

உள்ளே கோரை போன்ற புல்லால் நெய்த பாய்கள் தரையை மூடியிருக்கும். நான்கரைப் பாய் அளவுள்ள அறையே பெருவழக்கு. அது ஒன்பதடிச் சதுரம் எனலாம். சுவரில் அமைந்த மாடம் ஒன்றில் கையெழுத்துச் சுருள் ஒன்று தொங்கும். அதனருகே ஒன்றிரண்டு மலர்கள் மட்டும் வைக்கப்பட்டிருக்கும். அந்நாளுக்கும் அவ்விருந்தினர்க்கும் பொருந்துமாறு அவற்றைத் தேர்ந்தெடுப்பது விருந்தளிப்பவரின் கடமை. மாடத்தின் முன் அமர்ந்து வணங்கி அவற்றை ஊன்றிப் பார்ப்பது விருந்தினரின் முதற்கடமை. பின்னரே தம் இடத்தில் குதிகால்மேல் மண்டியிட்டு அமர்வர்.

அவ்வாறு அமர்ந்து பழகாத பயணிக்குக் கால் மரத்துப் போகும் என்ற கவலை உண்டாகலாம். அதற்கும் வழி செய்திருக்கின்றனர். 1872இல் கியோட்டோவில் ஒரு பொருட்காட்சி நடந்தபோது, அயல்நாட்டாரையும் கருதி, மேசையும் இருக்கையும் கொண்டு தேநீர் வழங்கும் முறை ஒன்றை உரசென்கே மரபின் 11ஆம் தலைவரான கெங்கென்சாய் வகுத்தார். பழைய நெறியைப் போற்றுவோர், வந்தவருடைய முழங்காலையும் எண்ணிப் பார்த்தனர் என்பதை நீங்கள் கருத்தில் கொள்ளுங்கள். அம்முறை இன்றும் வழக்கில் உள்ளது.

அமர்ந்தபின் முதலில் இனிப்பு வருகிறது. பருவத்திற்கேற்ப மலராகவோ இலையாகவோ வடித்த பயற்றம் பண்டம் அது. மடித்த வெண்தாளில் அதனை எடுத்துக்கொண்டு, தேநீர் வருமுன் உண்டு முடித்தல் வேண்டும். அவ்வினிப்பு நாவில் நிற்கும்போது அருந்தினால் தேநீரின் கசப்பு இதமாகத் தோன்றும்.

அத்தேநீர் நாம் அறிந்த தேநீர் அன்று. பாலும் சர்க்கரையும் அதில் இல்லை. ‘மாட்சா’ என்னும் பசும்பொடியே அதற்கு முதல். அறுவடைக்கு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே தேயிலைச் செடிகளுக்குப் பந்தலிட்டு வெயிலை மறைப்பர். ஒளி குறையவே இலையில் பச்சையம் மிகும், சுவை தரும் அமினோ அமிலம் சிதையாமல் தங்கும், கசப்பு குறையும். அவ்விலையை ஆவியில் வாட்டி, உலர்த்தி, நரம்பும் காம்பும் நீக்கிக் கல் திரிகையில் அரைப்பர். ஒரு மணி நேரம் திரிகை சுழன்றால் கிட்டுவது 40 கிராம் அளவே. விரைந்து சுழற்றினால் சூடேறி மணம் கெடும்.

இப்போது விருந்தளிப்பவர் கலங்களுடன் அறைக்குள் வருகிறார். கிண்ணம், பொடி நிறைந்த சிமிழ், மூங்கில் கரண்டி, மூங்கில் மத்து ஆகியவை அவருடைய கருவிகள். மத்து என்பது ஒரே மூங்கில் துண்டை மயிரிழை போன்ற பல கீற்றுகளாகச் சீவி அமைத்தது; நாரா மாவட்டத்துத் தகயாமா என்னும் ஊரார் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றவர்கள். முன்னரே தூய்மை செய்யப்பட்ட சிமிழையும் கரண்டியையும் அவர் விருந்தினர் கண்முன் பட்டுத்துணியால் மீண்டும் துடைக்கிறார். இரும்புக் கலத்தில் நீர் கொதிக்கும் ஒலி மட்டும் கேட்கிறது. பைன் மரங்களினூடே வீசும் காற்றின் ஒலி என்று அதனை ஜப்பானியர் போற்றுவர். பின்னர்ப் பொடியை இட்டு, நீர் வார்த்து, மத்தினால் நுரையெழக் கடைகிறார். இரண்டு கிராம் பொடியும் 70 மில்லிலிட்டர் நீரும் சேர்ந்தது ஒருவருக்குரிய அளவு. அதனை அவர் பிறருக்கே ஆக்குகிறார்; பொதுவாகத் தாம் அருந்துவதில்லை.

கிண்ணம் பயணியின் முன் வைக்கப்படுகிறது. இனி அவர் பங்கு தொடங்குகிறது. முதலில், கிண்ணத்தைத் தமக்கும் அடுத்தவருக்கும் இடையே வைத்து, “தங்களுக்கு முன்னே அருந்துகிறேன்” என்று அவரை நோக்கி வணங்குகிறார். பின்னர் விருந்தளிப்பவரை வணங்கி ஏற்றுக்கொள்கிறார். கிண்ணத்தை இடக்கை உள்ளங்கையில் வைத்து வலக்கையால் அணைத்து, நன்றியுடன் சற்றே உயர்த்துகிறார். கடிகார முள் செல்லும் வழியில் இருமுறை சிறிது திருப்புகிறார். மூன்று நான்கு மிடறுகளில் அருந்துகிறார். கடைசி மிடற்றை ஒலி கேட்குமாறு உறிஞ்சுகிறார். வாய் வைத்த விளிம்பை விரலால் துடைத்து, கிண்ணத்தை முன்போலத் திருப்பிக் கீழே வைத்து, குனிந்து அதன் வடிவையும் நிறத்தையும் பார்த்து மகிழ்கிறார்.

இங்கே உங்களுள் ஒருவர் எழுந்து வினவலாம்: “ஐயா, ஒரு கிண்ணம் தேநீருக்கு இத்தனை கட்டுப்பாடா? பொருளற்ற விதிகளுக்கு மனிதன் அடிமையாவது நன்றோ?” இது நல்ல வினா. வகுப்பறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்த எனக்கு இவ்வினா புதியதன்று. காரணம் தெரியாத விதி எவருக்கும் சுமையாகவே தோன்றும். ஆதலின் காரணங்களைப் பார்ப்போம்.

கிண்ணத்தின் மிக அழகிய முகத்தை விருந்தினர் பக்கமாக வைத்துத் தருவது விருந்தளிப்பவரின் அன்பு. அம்முகத்தில் வாய் வைக்க மனமின்றித் திருப்பி அருந்துவது விருந்தினரின் பணிவு. முழங்கையைத் தாழ்த்திக் கிண்ணத்தைத் தரைக்கருகே வைத்துப் பார்ப்பது, தப்பித் தவறி நழுவினாலும் உடையாதிருத்தற்கு. மோதிரத்தைக் கழற்றுவது, அதன் மீது கீறல் விழாதிருத்தற்கு. கடைசி மிடற்றின் ஒலி, உற்றுப் பார்த்துக்கொண்டிராத விருந்தளிப்பவருக்கு அருந்தி முடிந்ததைச் செவிவழி உணர்த்துகிறது. விருந்தினர் வரிசையில் இறுதியாக நுழைபவர் கதவைச் சிறிது ஒலியுடன் சாத்துவார். அடுத்த அறையில் காத்திருப்பவர் அதனைக் கேட்டு, அனைவரும் வந்துவிட்டனர் என்று அறிவார். ஆகவே இவ்விதிகள் ஒவ்வொன்றின் பின்னும் மற்றொரு மனிதர் நிற்கிறார். அவர் வாய்திறந்து கேட்குமுன் அவர் தேவையை உணரும் பழக்கமே விதியாக உருக்கொண்டது.

ரிக்யூவைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்று இதனை நன்கு விளக்கும். தேநீர் நெறியின் மறைபொருள் யாது என்று ஒருவர் அவரை வினவினார். நீர் கொதிக்குமாறு கரியை இடுதல், அருந்துவோர்க்கு ஏற்பத் தேநீர் ஆக்குதல், மலர்களை அவை வயலில் இருந்தவாறே வைத்தல், கோடையில் குளிர்ச்சியும் குளிர்காலத்தில் வெப்பமும் தோன்றச் செய்தல், காலத்திற்கு முன்னரே ஆயத்தமாதல், மழை இல்லாதபோதும் மழைக்கு வேண்டியதை வைத்திருத்தல், உடனிருக்கும் விருந்தினரைப் பேணுதல் ஆகியவையே என்றார் அவர். இவை எனக்கும் தெரிந்தவையே என்று வினவியவர் கூற, அவற்றைக் குறைவின்றிச் செய்ய வல்லீராயின் நான் உமக்கு மாணவன் ஆவேன் என்று ரிக்யூ மறுமொழி கூறினாராம்.

இவ்வளவும் கேட்டு, தேநீர் அறையில் தூய்மையன்றி வேறொன்றும் இல்லை என்று நீங்கள் கருதிவிடலாகாது. வரலாறு வேறொரு பக்கத்தையும் காட்டுகிறது. படைத்தலைவர் ஓடா நோபுனாகா, வெற்றி பெற்ற வீரர்க்கு அரிய தேநீர்க் கலங்களைப் பரிசாக வழங்கினார். அவருக்குப் பின் ஆட்சியைக் கைக்கொண்ட டொயோடோமி ஹிதேயோஷி, 1586இல் பொற்றகடு வேய்ந்த தேநீர் அறை ஒன்றை அரண்மனையில் அமைத்துப் பேரரசருக்குத் தேநீர் வழங்கினார். 1587இல் கியோட்டோவின் கிதானோவில் அவர் கூட்டிய பெருந்தேநீர் விருந்துக்கு உழவர்களும் வரலாம் என்று அறிவிக்கப்பட்டது. பத்து நாள் நடக்க இருந்த அவ்விருந்து ஒரே நாளில் முடிவுற்றது. இவ்வெல்லாவற்றிலும் ஹிதேயோஷிக்குத் தேநீர் ஆசானாக அருகிருந்தவர் ரிக்யூவே.

அந்த ஆசானின் முடிவு துயரமானது. 1591இல் ஹிதேயோஷி அவரைத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார். தைதோகுஜி மடத்தின் வாயில்மாடத்தில் ரிக்யூவின் மரச்சிலை வைக்கப்பட்டதே குற்றம் என்பர் சிலர். வேறு காரணம் கூறுவாரும் உளர். ஆணையின்படி தம் எழுபதாம் அகவையில் ரிக்யூ உயிர் நீத்தார். தாழ்ந்த வாயிலில் ஆள்வோனும் வணிகனும் ஒருங்கே தலைகுனிந்த சமன்மை, அவ்வறைக்கு வெளியே அவரைக் காக்கவில்லை. உள்ளே நுழையுமுன் கழற்றி வைக்கப்பட்ட வாள் வெளியே காத்திருந்தது.

அவ்வாறாயின் அந்நெறியால் விளைந்த பயன் யாது? பொன்னறை அழிந்தது. யமசாகியில் மியோகியான் கோயிலில் உள்ள தைஆன் என்னும் இரண்டு பாய் அளவுள்ள குடில், ரிக்யூ அமைத்தது எனப் போற்றப்பட்டு, இன்றும் நாட்டின் செல்வமாகக் காக்கப்படுகிறது. அவர் வழிவந்த ஓமொதெசென்கே, உரசென்கே, முஷாகோஜிசென்கே என்னும் மூன்று குடும்பங்கள் அவர் நெறியை இன்றளவும் கற்பித்து வருகின்றன. ஒரு காலத்தில் ஆடவர்க்கே பெரிதும் உரியதாக இருந்த இக்கலை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெண்கள் பள்ளிகளுக்குள்ளும் நுழைந்தது. இன்று இதனைப் பயில்வோருள் பெரும்பாலார் பெண்களே.

அயல்நாட்டுப் பயணிகள் இந்நெறியைக் கண்டு எழுதுவதும் பழமையான வழக்கம். 1577இல் இளைஞராக ஜப்பானுக்கு வந்து, 1610இல் வெளியேற்றப்பட்ட போர்த்துக்கீசியப் பாதிரியார் ஜோவாவோ ரோட்ரிகஸ், ஜப்பானிய மொழியை நன்கு கற்றவர். தாம் கண்ட தேநீர் விருந்துகளைப் பற்றி அவர் விரிவாக எழுதிவைத்தார். 1901இல் இந்தியாவுக்கு வந்து, இரவீந்திரநாத் தாகூரின் நட்பைப் பெற்ற ஒகாகுரா ககுசோ, 1906இல் தேநீரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். மேனாட்டார் பலர் இந்நெறியை அறிந்தது அந்நூலின் வாயிலாகவே.

இறுதியாக ஒரு சொற்றொடரை உங்களுக்குக் கூற விழைகிறேன். ‘இச்சிகோ இச்சியே’ என்று ஜப்பானியர் கூறுவர். வாழ்வில் ஒரே முறை, ஒரே சந்திப்பு என்பது அதன் கருத்து. அதே வீடு, அதே கிண்ணம், அதே நண்பர்கள் ஆயினும் இன்று கூடியது போல் மீண்டும் கூடுதல் இயலாது. ஆதலின் முழுமனத்துடன் கூடுக என்பதாம். இதனை விளக்கி எழுதியவர் ஈ நாஓசுகே என்னும் அமைச்சர். அரசியலில் கடும்பகையைத் தேடிக்கொண்ட அவர் 1860இல் கோட்டை வாயிலுக்கு வெளியே, பனி பெய்த ஒரு காலையில் கொல்லப்பட்டார். தமிழில் விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள் என்பதை நீங்கள் அறிவீர்கள். வந்தவர் முன்பு அறிந்தவரேயாயினும் அன்று புதியவர் என்று கொள்ளும் அவ்வுணர்வு, ஈ நாஓசுகேயின் எழுத்திலும் ஒளிர்கிறது.

விருந்தினர் சென்றபின் கலங்களை உடனே எடுத்துவைக்க விரையலாகாது என்று அவர் எழுதினார். விருந்தளித்தவர் மீண்டும் அறைக்குள் சென்று, கொதிகலத்தின் அருகே தனியே அமர்தல் வேண்டும். அவர்கள் இந்நேரம் எவ்வளவு தொலைவு சென்றிருப்பார்கள், இச்சந்திப்பு இனி வாராதன்றோ என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாணவர்களே, உங்களுள் சிலர் கல்விக்காகவோ தொழிலுக்காகவோ நாளை ஜப்பானுக்குச் செல்லக்கூடும். தேநீர் அறைக்கு அழைக்கப்பட்டால் முறைகள் அனைத்தும் தெரியவில்லையே என்று அஞ்சாதீர்கள். முதல் விருந்தினராக அமர்பவர் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். அதுவும் இயலாவிடில் பணிவுடன் வினவுங்கள், அன்புடன் கற்பிப்பார்கள். மாடத்து மலரையும் கையிலுள்ள கிண்ணத்தையும் உண்மையாகவே பாருங்கள். அருந்துமுன் அடுத்திருப்பவரை நோக்கி வணங்க மறவாதீர்கள். அறையை விட்டு வெளிவந்து நடைகற்களின் மீது செல்லும்போது, உள்ளே ஒருவர் உங்களை எண்ணி அமர்ந்திருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். அந்த நினைவுடன் மெல்ல நடந்து செல்வதும் விருந்தினரின் கடமைகளுள் ஒன்றே.